எனக்குத் தமிழ் தெரியாமல் போன மதியம்

ஊரடங்குக் காலத்தில் என்னை எல்லையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், தமிழ்நாட்டுக்குள் போகிற ஒரு சின்னச் சாலை. குறுக்கே இரண்டு மூங்கில், ஓரத்தில் தார்ப்பாய்ப் பந்தல், அதற்குள் நானும் ஒரு லேப்டாப்பும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களின் பாஸைச் சரிபார்த்து, பதிவு செய்து, உள்ளே விட வேண்டும். சிக்னல் வேண்டுமென்றால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிரே ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏற வேண்டும். தாலுகா ஆபீசில் ஃபேனுக்கு அடியில் ஃபைல் பார்த்த கிளார்க்குக்கு இது தண்டனை மாதிரிதான் இருந்தது.

என்னை அனுப்பியதற்குக் காரணமே தமிழ். திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக மிளகாய் வற்றல் விற்ற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. முதல் வாரம் தமிழில்தான் பேசினேன். அது தெரிந்ததும் கூட்டம் மேசையை மொய்த்தது. பாஸ் இல்லாத ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. பாஷை தெரிந்தவன் காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

ஒருநாள் மேலதிகாரி பார்வையிட வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “நிங்ஙடெ ஆள்க்காரெ ஒக்கெ கடத்தி விடுகயாணோ?”

உங்கள் ஆட்களையெல்லாம் உள்ளே விடுகிறீரா என்று விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், என் ஆட்கள் யாராம்? மறுநாளிலிருந்து எனக்குத் தமிழ் தெரியாது. வாயைத் திறந்தால் மலையாளம் மட்டும். கதை சொல்ல வந்தவர்கள் சலித்துப் போய் விலகினார்கள், வேலை மளமளவென்று நடந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் வந்தது ஒரு மதியம், பன்னிரண்டு மணி இருக்கும். இருபது வயதைத் தாண்டிய பெண். கையில் பட்டன் போன், பாஸ் இல்லை.

“சார், எங்கம்மாவ ஆஸ்பத்திரில இருந்து ஆம்புலன்ஸ்ல ஊர்ல கொண்டு விடப் போனேன். திரும்பி வாறப்ப அவங்களுக்கு வேற கேஸு வந்துட்டு, இங்கனயே எறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. திருவனந்தபுரத்துல கெழக்கேகோட்ட பக்கத்துலதான் வீடு. எங்க வீட்டுக்காரவுஹ கட்டட வேல, பிள்ளைய அவுஹகிட்டதான் விட்டுட்டு வந்தேன். எம்பிள்ளைக்கு மூணு மாசந்தான் ஆவுது. காலைல அஞ்சு மணிக்குப் பால் குடுத்தது. புட்டிப்பால் குடிக்க மாட்டேங்கான், சார்.”

ஒரு சொல் விடாமல் புரிந்தது. “பாஸ் இல்லாதெ பற்றில்ல” என்றேன், பாஸ் இல்லாமல் முடியாது என்று.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவள் மெதுவாகச் சொன்னாள். பிறகு இன்னும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு இரண்டு கைகளையும் மடித்து ஆட்டிக் காட்டினாள். கடைசியில், பின்னால் பத்து ஆண்கள் நிற்க, தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். நான் லேப்டாப் திரையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சிக்னலே இல்லை.

அவசரமென்றால் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்து, காரணத்தைச் சொல்லி, அங்கேயே பாஸ் போட எனக்கு அனுமதி இருந்தது. ஆனால் இவளுக்காகத் தமிழ் தெரிந்துவிட்டால் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் தெரிந்தாக வேண்டுமே என்று கணக்குப் போட்டேன். ஓரமாக நிற்கும்படி கையைக் காட்டினேன். இரண்டு மணி நேரம் அந்த வெயிலில் நின்றாள். முந்தானையை இழுத்து இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டே இருந்தாள். ரவிக்கை நனைந்திருந்தது. அதையும் பார்த்தேன்.

அன்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கண்ணூரிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவளைப் பார்த்தார். அவள் மறுபடியும் கைகளை மடித்து ஆட்டினாள். அவர் நேரே என்னிடம் வந்தார்.

“ஸாரே, அது ஒரு அம்மயாணு. வீட்டில் குஞ்ஞு கரயுந்நுண்டாவும்.”

வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்கும் என்று அவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். எனக்கு! அப்போதுதான் தெரிகிற மாதிரி “ஐயோ” என்றேன். அந்த நடிப்பு இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மேட்டில் ஏறிப் போன் செய்தேன். பத்து நிமிடத்தில் பாஸ் வந்தது. போலீஸ்காரரே காய்கறி வண்டி ஒன்றை நிறுத்தி, டிரைவரிடம் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடச் சொன்னார்.

வண்டியில் ஏறப் போனவள் நின்று, போலீஸ்காரரிடம் கையைக் கூப்பிக் காட்டி என்னவோ கேட்டாள். அவர் எதையோ சொல்லிக்கொடுத்தார். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கும்பிட்டாள்.

“வளரெ நன்னி, சார்.”

தமிழ் தெரியாத மனிதனுக்குத் தன் நன்றி புரிய வேண்டுமே என்று, அந்த அவசரத்திலும் என் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். அப்போதாவது நான் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“ஸாரமில்ல” என்றேன். பரவாயில்லை என்று, நான் அவளிடம்.