என் மணிக்கட்டுக்கு வந்த பழி

நான் மம்சாபுரத்துக்காரி, போலீஸ்காரி. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி. சுட்ட தோட்டாக்களின் காலிக் கூடுகளைப் பொறுக்கி ஒப்படைத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். மற்றவர்களுடையது வலப்பக்கம் ஒரே இடத்தில் விழும். என் பிஸ்டல் மட்டும் ஒன்றை முள்ளுக்குள் எறியும், இன்னொன்றால் என் நெற்றியிலேயே அடிக்கும். என்னால் எல்லாரும் வெயிலில் குனிந்து தேடினார்கள்.

"பொம்பளைக் கை. மணிக்கட்டு தளருது, வேறென்ன," என்றார் ஏட்டையா. கை தளர்ந்தாலும் அப்படி ஆகும்தான். நானும் நம்பி, வீட்டில் தண்ணீர்க் குடத்தை நீட்டிப் பிடித்துப் பழகினேன். அடுத்த பயிற்சியிலும் நெற்றியில் அடி. வந்த எரிச்சலில் என் பிஸ்டலை அவரிடம் நீட்டி, "ஏட்டையா, இதுல நீங்க சுடுங்க, பாப்போம்" என்றேன்.

முதல் குண்டிலேயே சூடான கூடு அவர் சட்டைக் காலருக்குள் விழுந்தது. பிஸ்டலை வைத்துவிட்டு அவர் குதித்த குதி இருக்கிறதே!

பொறவு கழற்றிப் பார்த்தோம். கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கிக்கடியில் கிரீஸும் கரியும் கல்லாய் இறுகிக் கிடந்தன. பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்தேன். அப்புறம் சுட்ட கூடெல்லாம் வலப்பக்கம் ஒரே இடத்தில் குவிந்தது. அப்படியே அள்ளி ஏட்டையா உள்ளங்கையில் கொட்டினேன்.

இப்போதும் யாராவது என் கையைக் குறை சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. கையில் இருப்பதை அவர்களிடமே நீட்டி, செய்துகாட்டச் சொல்லிவிடுகிறேன்.