இராகு காலத்துக்கு முன் போட்ட கையெழுத்து

பீளமேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. வால்வுக்குள் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றி, முப்பது நிமிடம் நிறுத்தி, ஒரு துளிகூடக் கசியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். நான் கறாரான ஆள் என்று பெயர். தக்காளியைக்கூட ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

சில வருடங்களுக்கு முன்பு, வெளிமாநிலத்து அணுமின் நிலையம் ஒன்றுக்கு வால்வுகள் அனுப்பினோம். அன்று வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம். எங்கள் முதலாளி நல்ல மனிதர்தான். ஆனால் இராகு காலத்தில் லோடு கேட்டைத் தாண்டுவதென்றால் அவருக்கு உயிரே போய்விடும். லாரிக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. கடைசி வால்வு மட்டும் இன்னும் டெஸ்ட்டில் நின்றது.

“ஏனுங்க அம்மணி, ஆச்சுங்களா? மணி பத்தேகால் ஆயிப்போச்சுங்க,” என்று வந்து நின்றார்.

“இன்னும் பத்து நிமிசமுங்க.”

“கசிவு கிசிவு ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அப்பறமென்னங்க, எறக்கிப்போடுங்க. லாரியில ஏத்தவே பத்து நிமிசமாகுமுங்க.”

இறக்கிவிட்டேன். இருபது நிமிடம் ஆகியிருந்தது. முப்பது என்று எழுதினேன். லாரி கிளம்பியபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் கும்பிட்டேன்.

இந்த வருடம் அந்த நிலையத்தின் அணு உலையில் ஒரு குழாய் கசிந்து, உலையை நிறுத்திவிட்டார்கள். கசிந்தது எங்கள் வால்வு இல்லை. ஆனாலும் மீண்டும் இயக்க அனுமதி தருவதற்கு முன்பு, அந்தக் குழாய்ப் பாதையில் உள்ள ஒவ்வொரு வால்வின் சான்றையும் பாதுகாப்பு அதிகாரிகள் சரிபார்க்கிறார்கள், எங்களிடமும் வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குக்கர் விசிலடித்தால்கூட நெஞ்சு திக்கென்றது.

என் தங்கையின் கணவருக்கு அந்த நிலையத்தில்தான் வேலை. இரண்டு பெண் குழந்தைகளோடு அங்கேயே குவாட்டர்ஸில் இருக்கிறார்கள். அவள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “இங்க எல்லாரும் பயந்துக்கறாங்கக்கா. எனக்கு ஒரு பயமும் இல்ல. நீ டெஸ்ட் பண்ணி அனுப்புனதுதான?”

சரி கண்ணு, அப்புறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் தமிழ் தெரிந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். என் கையெழுத்து வரும் இடத்திலெல்லாம் விரல் நின்று நகர்ந்தது. அவர் எதையாவது கண்டுபிடித்து என்னைத் திட்டிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. தாள் அவ்வளவு சுத்தம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

“எல்லாம் சரியா இருக்கும்மா,” என்று ஃபைலை மூடினார். “உலையை ஓட்டலாமா வேண்டாமான்னு அடுத்த வாரம் கமிட்டி உட்காருது. அங்கே உங்க வால்வுக்குச் சாட்சி இந்தத் தாள்தான்.”

முதலாளி காபி சொல்ல வெளியே போயிருந்தார்.

“சார், அந்தக் கடைசி வால்வு முப்பது நிமிசம் நிக்கலைங்க. இருபதுதானுங்க. நாந்தான் மாத்தி எழுதுனேன்.”

அவர் கோபப்படவில்லை. அந்த வால்வின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அதைக் கழற்றி மறுபடி சோதிக்காமல் உலை ஓடாது என்றார். வேலை போனாலும் போகட்டும், அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அவர் மூடிய ஃபைலை மறுபடி திறந்து, முதல் தாளுக்குப் போனார்.

“மற்றதெல்லாம் முப்பது நிமிஷம் நின்னுதாம்மா?”

நின்றது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை லோடு, எத்தனை அவசரம், எத்தனை முறை வால்வைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.