கூடுதலாக ஒரு விரிப்பு

இடது கை கண்ணாடி நார் விரிப்பை அச்சின் வளைவோடு அழுத்திப் பிடித்திருக்க, வலது கை றோலரை உருட்டியது. பசை ஊறிய இடங்களில் விரிப்பின் வெள்ளை மறைந்தது. காற்றுக் குமிழ் அகப்பட்டால் றோலர் திரும்பி வந்து அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றியது. வெயில் ஏறினால் பசை சட்டென்று இறுகிவிடும் என்பதால் கைகள் எங்கும் தயங்கவில்லை. வரைபடத்தின்படி வேலை முடிந்திருந்தது. கைகள் இன்னொரு விரிப்பை எடுத்து அதன்மேல் போட்டன.

கைகளுக்குரியவர் பஸ்ரியாம்பிள்ளை. ஊர்காவற்றுறையில் பைபர் போட் கட்டும் பட்டறையொன்றின் மூத்த வேலையாள். எங்கும் படித்தவரல்ல, உடைந்த போட்டுகளை ஒட்டி ஒட்டிப் பழகியவர். போட் வாங்க வருகிறவர்கள் விலைக்கு முன் "ஆர் விரிச்சது?" என்று கேட்பார்கள். அவர் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி இல்லை.

பட்டறையை நடத்துபவர் நிமலினி. டென்மார்க்கில் படகுத் தொழிற்சாலையில் இருந்துவிட்டுத் தந்தையின் ஊருக்கு வந்தவர். இந்தப் புதுப் போட் அவருடைய வரைபு. மெலிஞ்சிமுனைக் கிறிஸ்ரி தோளில் அடிபட்ட பிறகு பழைய போட்டைக் கரையேற்ற முடியாமல் மீன்பிடித் தொழிலை விட்டிருந்தார். அவரும் மனைவி அன்ரனிட்டாவும் மட்டுமே தள்ளக்கூடிய பாரத்தில் ஒன்று கட்டித் தருவதாக நிமலினி சொல்லியிருந்தார்.

அச்சிலிருந்து கழற்றித் தராசில் நிறுத்தபோது பாரம் கூடியிருந்தது. கிறிஸ்ரி வந்து தள்ளிப் பார்த்தார். அசைந்தது, ஏறவில்லை. "பரவாயில்லை தங்கச்சி" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் எல்லோரையும் கூட்டிவைத்து, "எங்க பிழைச்சது?" என்று கேட்டார் நிமலினி. டென்மார்க்கில் இதற்கு நாலு பேர் ஒன்றாக வாய் திறப்பார்கள். பிழை வேலையைச் சேர்ந்தது, ஆளைச் சேர்ந்ததல்ல என்பது அங்கே வழக்கம். இங்கே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"தராசுக்குத்தான் சுகமில்லைப் போல, அக்கா" என்றார் வர்ணம் பூசும் ஜெனோசன்.

"தராசு சரி. அப்ப வெட்டிப் பாப்பம். டென்மார்க்கில முதல் போட்டை உடைச்சுத்தான் படிக்கிறது."

பஸ்ரியாம்பிள்ளை எழுந்தார். "போட்டை வெட்டாதையும் பிள்ளை. ஒரு விரிப்புக் கூட வைச்சது நான்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"சொன்னா வேண்டாம் எண்டுவீர்."

ஜெனோசன் சிரித்துவிட்டார். நிமலினிக்கும் சிரிப்பு வந்தது. "ஓம், அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

"உடைஞ்சா நீர் வேற கோடு கீறுவீர். எனக்கு வேற பேர் இல்லை. அங்கத்தைய முதல் போட் ஒருத்தற்றையும் இல்லை. இங்க முதல் போட்டே கிறிஸ்ரியின்ர. அவன் அதில கடலுக்குப் போறவன்."

நிமலினி தலையாட்டினார். "அப்ப அடுத்ததை முதல்ல எங்கட போட் எண்டு வைப்பம். ஓட்டிப் பாக்க நான் ஏறுறன்."

"நீர் மட்டும் ஏறி என்ன? எஞ்சின் பிடிக்க ஆள் வேணுமெல்லோ."

பாரமான போட்டை வேறொருவர் வாங்கிப் போனார். பஸ்ரியாம்பிள்ளை அடுத்ததை வரைபடப்படியே விரித்தார். கடைசியில் கை பழக்கத்தில் இன்னொரு விரிப்பை எடுத்தது, திரும்ப வைத்தது.

பங்குச் சுவாமியார் வந்து செபம் சொல்லி மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கும்வரை புதுப் போட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை. அதற்கு முன்பே ஓட்டிப் பார்ப்பதென்றதும் பஸ்ரியாம்பிள்ளையின் மனைவி மாக்கிறேற் வாசலில் நின்று கொண்டார்.

"மந்திரிக்காத போட்டில போற வயசே உங்களுக்கு? நீந்தவும் மறந்திருப்பீங்கள்."

"மந்திரிச்சாப் பிறகு உடைஞ்சா சுவாமியாருக்கெல்லோ கெட்டபேர்."

அவரும் நிமலினியும் பாரத்துக்கு மண்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காற்றடிக்கும் நேரமாகப் பார்த்துக் கடலில் ஓட்டினார்கள். அலையில் விழும் ஒவ்வொரு முறையும் அடித்தளம் காலுக்குக் கீழே வளைந்து மீண்டது. பஸ்ரியாம்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போட்டைத் திருப்பவில்லை. கரையில் புரட்டிப் பார்த்தபோது அடியெங்கும் சுத்தம். எஞ்சின் பூட்டும் பின்பலகையின் மூலையில் மட்டும் மயிரிழை வெடிப்பு.

"இதில ஒரு விரிப்பு" என்றார் அவர்.

"இதில மட்டும்" என்றார் நிமலினி. வரைபடத்திலும் அதைக் கீறினார்.

வெடிப்பைத் தேய்த்து, விரிப்பு வைத்து, மறுபடி ஓட்டினார்கள். வெடிக்கவில்லை.

சுவாமியார் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனதும் கிறிஸ்ரி நல்ல தோளைக் கொடுத்துத் தள்ளினார். மறுபக்கம் அன்ரனிட்டா. போட் மணலில் ஏறியது.

"இன்னொருக்காத் தள்ளுவம்" என்றார் அன்ரனிட்டா, நம்பாமல். இறக்கி மறுபடி ஏற்றினார்கள். பஸ்ரியாம்பிள்ளை உதவிக்குக் கை நீட்டவில்லை. போட் நின்றதும் முன்பக்கக் கயிற்றை எடுத்துக் கிறிஸ்ரியின் கையில் கொடுத்தார்.