தேய்த்துக் கழுவிய கோடுகள்

மலேசியாவின் லாயாங் லாயாங் ஊரில் யோகேஸ்வரியைத் தெரியாதவர்கள் குறைவு. குளுவாங் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் பல வருடமாக லைனில் நின்றவள். விடியற்காலை ஃபேக்டரி பஸ்ஸில் அவள் ஏறினால் தூங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அவ்வளவு பெரிய வாய். மேலாளரையே, "ஒங்களுக்கு என்னா தெரியும் லா" என்று மடக்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவள், இடது மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று டாக்டர் சொன்ன அன்று, வீடு வந்து சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. லாரி ஓட்டும் கணவன் மதிவாணன் அந்த அமைதியைப் பார்த்துத்தான் முதலில் பயந்தான்.

அறுவை முடிந்து ஜொகூர் பாருவில் கீமோ தொடங்கியது. சிவப்பு மருந்து நரம்பில் இறங்கும்போதே அவளுக்குக் குடலைப் புரட்டியது. பக்கத்து நாற்காலியில் பொந்தியான் ஊர்க்காரர், ஞானேஸ்வரி. ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலைக் கண்காணிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். யோகேஸ்வரி வாயைப் பொத்துவதைப் பார்த்ததும், கைப்பையிலிருந்து உப்பில் ஊறிக் காய்ந்த அசாம் பழம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை வாயில வையும்."

"புளிக்குமா டீச்சர்?"

"வைச்சால் தெரியும். கேள்வி கேட்டுக்கொண்டு இருக்காதையும்."

புளித்தது. குமட்டல் கொஞ்சம் அடங்கவும் செய்தது. அதற்குப் பிறகு இருவரும் ஒரே நாளில் மருந்து ஏற்றிக்கொள்ளும்படி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். டீச்சர், அக்கா ஆனார். யோகேஸ்வரிக்கு முடி உதிர்ந்தபோது பூத்துணியை எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். "கொண்டையை ஒரு பக்கமாப் போடும். நோயாளி மாதிரித் தெரியக்கூடாது" என்றார். நர்சுகள், "அக்காவும் தங்கச்சியும் வந்துட்டாங்க" என்று கேலி செய்வார்கள்.

பிறகு ஞானேஸ்வரிக்கு நோய் ஈரலுக்குப் போய்விட்டது. டாக்டர்கள் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் போன் செய்தார். முதல் தடவை யோகேஸ்வரி எடுத்துப் பேசினாள். அந்தக் குரலில் காற்றுதான் நிறைய இருந்தது. "ஒருக்கா வந்து போமன்" என்றார். "வரேன்க்கா, கட்டாயம் வரேன்" என்றாள். போகவில்லை. அடுத்த தடவை போன் அடித்தபோது அதைத் தலையணைக்கு அடியில் தள்ளி, மேலே கையை வைத்து அமுக்கிக்கொண்டாள். அதற்கு அடுத்த தடவையும் அப்படித்தான். அக்காவைப் பார்த்தால் தன் கதையின் முடிவையும் பார்த்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம். "ஒடம்பு தேறட்டும், அப்பறம் போலாம்" என்று மதிவாணன் சொன்னது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இதற்கிடையில் கதிர்வீச்சுக்கு நாள் குறித்தார்கள். ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே பாய வேண்டும் என்று மார்பில் ஊதா மையால் கோடுகள் போட்டு, மேலே கண்ணாடி போன்ற டேப்பை ஒட்டினாள் ஓரளவு தமிழ் பேசும் ஒரு மலாய்க்காரப் பெண். "ஆண்ட்டி, ஜாங்கான் கோசோக்! தேய்க்கவே கூடாது. கோடு போனா எல்லாம் முதல்லேர்ந்து" என்று விரலை ஆட்டிச் சொன்னாள். யோகேஸ்வரியும் ஈரத்துண்டால் ஒற்றி ஒற்றியே குளித்தாள். அடகுக்கடையிலிருந்து மீட்ட நகையைக்கூட இப்படிப் பாதுகாத்திருக்க மாட்டாள்.

கதிர்வீச்சு தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, ஞானேஸ்வரி காலமாகிவிட்டதாக அவர் கணவர் விஜயேந்திரனிடமிருந்து செய்தி வந்தது.

"நீ போவாத. மருந்து எடுக்கற ஒடம்பு. சாவு வீட்டுக்கெல்லாம் வேணாம்" என்றான் மதிவாணன்.

"உசுரோட இருக்கறப்ப போவல. இப்பவாச்சும் போறேன்."

போனாள். அக்காவின் தலையில் அதே பூத்துணி. கொண்டை ஒரு பக்கமாக. முகம் மட்டும் யாருடையதோ. யோகேஸ்வரியால் அங்கே நிற்க முடியவில்லை. கையிலிருந்த பூவைக் காலடியில் போட்டுவிட்டு, எடுக்கும் நேரத்துக்குக்கூடக் காத்திருக்காமல் காருக்கு வந்துவிட்டாள்.

வீட்டுப் பின்புறக் குழாயடியில் மதிவாணன் மஞ்சள் தண்ணீர் வாளி வைத்தான். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் தலை முழுகாமல் வாசலை மிதிக்கக் கூடாது. அவர்கள் வீட்டில் என்றைக்கும் அதுதான் பழக்கம். கட்டின துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டாள். சோப்பை எடுத்தாள். நைலான் நாரை எடுத்தாள். கழுத்து, கை, வயிறு என்று தேய்த்துக்கொண்டே வந்தவளின் கை டேப்பில் தட்டியது.

அங்கே கை நின்றது. அவளுக்குத் தெரியும். மறுபடியும் தேய்த்தாள், முன்னைவிட அழுத்தமாக. டேப் சுருண்டு கழன்றது. ஊதா மை மஞ்சள் தண்ணீரோடு கலந்து கால்வாயில் ஓடியது.

திங்கட்கிழமை அந்த மலாய்ப் பெண் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "அலமாக், ஆண்ட்டி! கோடு எங்க?" என்றாள்.

"சாவு வீட்டுக்குப் போனேன். வந்தா குளிக்கணும், எங்க பழக்கம். மறந்துட்டேன்."

அவள் திட்டவில்லை. மீண்டும் ஸ்கேன், மீண்டும் கோடு, சிகிச்சை சில வாரம் தள்ளிப் போயிற்று. திரும்பும் வழியெல்லாம் மதிவாணன் தன்னையே நொந்துகொண்டான். "நாந்தானே தண்ணி புடிச்சு வச்சேன். எனக்காச்சும் ஞாபகம் வந்திருக்கணும்." அவன் மேல் அந்தப் பழி விழுவதை யோகேஸ்வரி பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அதற்காக அன்று தன்னையே வெறுத்தாள்.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு விஜயேந்திரன் சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணா, அக்கா கூப்பிட்டப்ப நான்..."

"தெரியும், பிள்ளை. நான் திரும்பவும் அடிச்சுப் பார்க்கட்டோ எண்டு கேட்டன். வேண்டாம் எண்டுட்டா. 'அவள் வரமாட்டாள், பயப்பிடுறாள். பயப்பிடட்டும். பயம் இருந்தால்தான் மருந்தை ஒழுங்காச் செய்வாள்' எண்டா."

அவர் உள்ளே போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அசாம் பழம். "உமக்கெண்டு வாங்கி வைச்சவ."

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "ஏங்க, நான் மறக்கல. கோடு இருக்குன்னு தெரிஞ்சுதான் தேச்சேன்."

மதிவாணன் காரை எடுக்கவில்லை. "ஏன் யோகா?"

"அக்கா சாவு என்மேல ஒட்டிக்கிட்ட மாரி இருந்துச்சு. அக்காவத்தாங்க தேச்சுக் கழுவுனேன். ஒங்க மேல பழியும் போட்டேன்."

அவன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான். பிறகு, "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம் லா" என்றான்.

மறுநாள் கதிர்வீச்சு அறையில், கைகளைத் தலைக்கு மேலே தூக்கிவைத்துப் படுத்தாள். புதுக் கோடுகளைச் சரிபார்த்துவிட்டு எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்கள். அழுகை அப்போதுதான் வந்தது. கண்ணீர் பக்கவாட்டில் இறங்கிக் காதுக்குள் போனது. ஒலிபெருக்கியில் அந்த மலாய்ப் பெண்ணின் குரல், "ஆண்ட்டி, அசையாதீங்க ஆ" என்றது.

அவள் அசையவில்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை.