திங்கள் முதல் வெள்ளி வரை திறக்கும் மலை

ஹனோவரில் எங்கள் அலுவலகத்தில் ஹீட்டரின் மேல் எதையும் காயவைக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் யாராவது ஒருவர் அந்தக் காகிதத்துக்குக் கீழேயே கையுறையைக் காயவைப்பார். போன வாரம் வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். ஈரக் கம்பளி சூடேறும்போது கிளம்புவதை மணம் என்று சொன்னால் என் கணவர் சண்டைக்கு வருவார், அவருக்கு அது நாற்றம். எனக்கோ அது மூக்கில் ஏறிய அடுத்த நொடி பத்தொன்பது வயதாகிவிடும்.

அன்று பார்த்து அந்த மேசைக்காரர் தன் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் தெற்கே மலையோரத்தில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம். பனிச்சறுக்குக்கு எந்த சீசன் கார்ட் வாங்குவது என்று தெரியாமல் தினமும் வீட்டுக்குப் போன் எடுக்கிறாளாம். "நீ அங்கேதானே படித்தாய், எதை வாங்கச் சொல்லட்டும்?" என்று கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் அவர் பயந்துபோய்க் கையுறையை எடுத்துவிட்டார். "நான் வாங்கினதை மட்டும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றேன். அவருக்குச் சொல்ல அவ்வளவுதான் நேரமிருந்தது. உங்களுக்கென்றால் முழுக்கதையும் சொல்லலாம்.

நாங்கள் கெல்சென்கிர்ச்சன் ஆட்கள். அப்பா மன்னார், அம்மா யாழ்ப்பாணம், நான் ரூர் பகுதியின் மழை. வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் நாலைந்து கல்லூரிகள் இருக்க, ஏழு மணிநேரம் ரயிலில் போய் அல்கோய் மலையடிவாரத்தில் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்காமல் எனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டார். நாலாம் நாள் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு செமஸ்டர் பாப்பம். சரிவரேல்லையெண்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திட வேணும். பிறகு அழக்கூடாது."

சரி என்றேன். சரிவருவது என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் விளங்கியிருந்தது: கொண்டாட்டங்களுக்கு நான் வந்தாக வேண்டும். ஜெர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சனிக்கிழமை என்பது சொந்தச் சொத்து இல்லை. காலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், பின்னேரம் நடன வகுப்பு, அது முடிந்தால் ஏதாவது ஒரு மண்டபத்தில், எங்கள் பேச்சில் ஹோலில், கலியாணம், பூப்பு விழாவான சாமத்திய வீடு, தேவாலயத்து முதல்நன்மை, ஐம்பதாவது பிறந்தநாள். லேனா சனிக்கிழமைகளில் என்ன செய்வாய் என்று என்னைக் கேட்டபோது, 'சேலை கட்டுவேன்' என்றுதான் முதலில் வாயில் வந்தது.

லேனா என் வகுப்புக்காரி, அந்தப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். நடக்கப் பழகிய கையோடு ஸ்கீயும் பழகியவள். ஒக்டோபர் கடைசியில் கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் மூன்று விளம்பரத் தாள்களை என் தட்டைத் தள்ளிவிட்டு விரித்தாள். ஒன்று, எல்லா மலைகளுக்கும் எல்லா நாளும் செல்லும் பெரிய கார்ட். இரண்டாவது, கல்லூரி ஊருக்குப் பின்னால் இருந்த சின்ன மலைக்கு மட்டும், திங்கள் முதல் வெள்ளி வரை. மூன்றாவது, பத்துத் தடவை போய்வரும் கார்ட். மாத முடிவுக்குள் எடுத்தால் மாணவர் சலுகை. வகுப்பில் எல்லோரும் பெரியதைத்தான் எடுக்கிறார்கள், சனி ஞாயிறு கூட்டமாய்ப் போகலாம் என்றாள். எனக்கும் ஆசை தலைக்கேறிவிட்டது. ஸ்கீயை நான் அதுவரை தொட்டுக்கூடப் பார்த்ததில்லை என்பது ஒரு தடையாகவே தோன்றவில்லை.

முறைப்படி யோசிக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எந்தெந்தச் சனிக்கிழமை கொண்டாட்டம் இருக்கிறது என்று ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டேன்.

"பொறு, கலண்டரை எடுத்துக்கொண்டு வாறன்" என்று போன அம்மா, குசினிச் சுவரிலிருந்த தமிழ்க்கடைக் கலண்டரோடு வந்து வாசிக்கத் தொடங்கினார். செபமாலை சொல்வதுபோல வாசித்தார். தவக்காலத்திலாவது விடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் கத்தோலிக்க ஆட்கள் ஓய்ந்தால் சைவக்காரர் தொடங்கிவிடுகிறார்கள். கடைசியில் தை மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை மிஞ்சியது.

"அப்ப அண்டைக்கு ஒண்டும் இல்லையோ அம்மா?"

"இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லுவினம்."

மறுநாள் போய்த் திங்கள் முதல் வெள்ளி வரையான கார்ட்டை எடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. கிழமை நாட்களில் எனக்கு வகுப்பு இருக்கும், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் நாலு மணிக்கு மூடிவிடும், செவ்வாய் மத்தியானமும் வியாழன் மத்தியானமும் தவிர நான் மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது என்பதெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் உறைத்தது. லேனா கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிழமை நாளில் அங்கே யார் இருப்பார்கள் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டாள்.

யார் இருந்தார்கள் தெரியுமா? பாலர் பள்ளிப் பிள்ளைகள். மஞ்சள் மேற்சட்டை போட்ட பன்னிரண்டு பேர், எல்லோரும் என் இடுப்பளவு. அவர்களுடைய ஆசிரியை இரக்கப்பட்டு என்னையும் வரிசையின் வாலில் சேர்த்துக்கொண்டார். பதின்மூன்றாவது பிள்ளை நான். கீழே விழுந்தால் எழும்பத் தெரியாத ஒரே பிள்ளையும் நான்தான். ஒரு சின்னப் பெண் என் முன்னால் வந்து நின்று, "நீ இவ்வளவு பெரிசாய் இருக்கிறாய், பிறகு ஏன் விழுகிறாய்?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பெரிசாய் இருப்பதால்தான் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

கார்ட்டில் ஒட்டியிருந்த படத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கவுண்டரில் படம் கேட்டபோது என் பேர்சில் இருந்தது ஒன்றே ஒன்று: மச்சாளின் கலியாணத்தில் தோழியாக நின்று எடுத்த படத்தில் முகத்தை மட்டும் அம்மா கத்தரித்துத் தந்தது. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, மணப்பெண் அலங்காரம் செய்யும் செல்வி அக்கா பூசின மாவு எல்லாம் அதில் உண்டு. லிஃப்ட்காரர் முதல் நாள் கார்ட்டையும் பார்த்தார், ஹெல்மட்டுக்குள் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தார். "உங்கள் அக்காவின் கார்ட்டா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

வீட்டில் இதெதையும் சொல்லவில்லை. அறை ஹீட்டரில் கம்பளிக் கையுறை காய்ந்துகொண்டிருக்க, செவ்வாயும் வியாழனும் ஆய்வுக்கூடம் என்று போனில் சொல்லியிருந்தேன். காரணம் இருந்தது. அப்பா ஜெர்மனிக்கு வந்து செய்த முதல் வேலை, விடிவதற்கு முன் நடைபாதைகளில் பனி வழிப்பது. ஆறு குளிர்காலம் வழித்திருக்கிறார். பனி விழுகிறது என்று நாங்கள் சன்னலுக்கு ஓடினால் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அந்த மனிதரிடம் போய், நான் அதில் விளையாடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

பொய் தை மாதம் முழுக்க நன்றாகத்தான் போனது. தை கடைசியில், கொண்டாட்டம் இல்லாத அந்த ஒரே சனிக்கிழமையை ஒட்டி நான் வீட்டுக்குப் போகாமல் இருந்த நாட்களில், வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் முகத்தை என்ன செய்யும் என்று லேனாவுக்குத் தெரியும், அவள் களிம்பு பூசுவாள். நமக்கென்ன, நாம் வெயில் நாட்டு ஆட்கள் என்று நான் திமிராக நின்றேன். முகத்தில் கண்ணாடி மூடிய இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்க, மிச்சமெல்லாம் வறுத்த கோப்பிக்கொட்டையாகிவிட்டது. வகுப்பில் எல்லாருக்கும் அதே கோலம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் நினைவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை, தவக்காலம் தொடங்க முன் அவசரமாக வைத்த ஒரு கலியாணம். நான் மறுபடியும் தோழி. மணப்பெண் அறையில் செல்வி அக்கா என் நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரூர் பகுதி முழுக்கத் தமிழ் மணப்பெண்களுக்கு ஒரே மாவைப் பூசுகிறவர் அவர். எந்த முகத்துக்கும் அசராதவர்.

"எடியே, உன்ர முகத்துக்கு என்னடி நடந்தது?"

 மணப்பெண்ணைக் கூட விட்டுவிட்டு எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். மாசி மாதத்து ஜெர்மனியில் ஒரு பிள்ளை கறுத்துப்போய் வந்து நிற்கிறது, அதுவும் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் விட்டு. ஒருத்தர் தைரொய்ட் என்றார், ஒருத்தர் இரத்தம் கெட்டுப்போச்சு என்றார். யாரோ போய் அம்மாவைக் கூட்டிவந்தார்கள். அம்மா என் கன்னத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "நாளைக்கே டொக்டரிட்ட காட்ட டெர்மின் எடுப்பம். தனிய விட்டிருக்கக் கூடாது, என்ர பிழைதான்" என்றபோது அவர் குரல் உடைந்தது. ஒவ்வாமை என்று ஒரு சொல் சொன்னால் தப்பியிருப்பேன். அம்மாவின் கண்ணீரைப் பார்த்த பிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நோய் வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. மலையில ஸ்கீ ஓடப் போறனான். அந்த வெயில்."

பத்து நிமிடத்தில் செய்தி ஆண்கள் பக்கம் போய் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தது. நான் கார்ட்டை நீட்டினேன்.

"நான் அள்ளிக் கொட்டின சாமானில நீ சறுக்கி விளையாடுறியோ?" என்றார். கோபத்தை விட ஆச்சரியம்தான் குரலில் இருந்தது. பிறகுதான் பயம் வந்தது. "கால் முறிஞ்சா? கழுத்து முறிஞ்சா? சரிவரேல்லை பிள்ளை, இது சரிவரேல்லை."

 பெட்டியைக் கட்டு என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, நெற்றிச்சுட்டியும் அரை மாவுமாக நின்று சொன்னேன்.

"சனி ஞாயிறு முழுக்க உங்களுக்கெண்டு விட்டிட்டுத்தான் அப்பா இந்தக் கார்ட்டை எடுத்தனான். சனிக்கிழமை இதைக் காட்டினா லிஃப்ட்டுக் கதவு திறக்காது. ஒரு கொண்டாட்டத்துக்கும் நான் வராமல் விடேல்லை. எனக்கெண்டு நான் எடுத்தது ரெண்டு மத்தியானம்தான்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக் கார்ட்டின் சின்ன எழுத்தை வாசித்தார். திருப்பியும் வாசித்தார். "ஒரு சனிக்கிழமையும் ஏலாதோ?" என்று கேட்டார். ஏலாது என்றேன். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, "நான் வந்து கண்ணால பாக்க வேணும். பாத்திட்டுத்தான் சொல்லுவன்" என்று போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வந்து மலையடியில் நின்றார்கள். அம்மா கையில் ஒரு பெரிய டப்பா நிறையப் பொரித்த ரோல்ஸ். அதுவரை நான் உச்சியிலிருந்து இறங்கியது இரண்டே தடவை, இரண்டு தடவையும் பாதி வழி பின்புறத்தால். லேனா கூட வந்தாள். "பாதியிலிருந்து இறங்கு, அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள். எனக்குத் தெரியுமே. உச்சிக்கே போனேன்.

மேலிருந்து பார்த்தால் அப்பாவும் அம்மாவும் இரண்டு மிளகு.  சிலுவை போட்டுக்கொண்டு விட்டேன். முதல் வளைவு சும்மா வந்தது. இரண்டாவதில் ஒரு கால் என் பேச்சைக் கேட்காமல் வெளியே ஓட, கை இரண்டும் காற்றில் எதையோ பிடிக்க, விழுந்தேன் என்றே நினைத்தேன். விழவில்லை. மூன்றாவது வளைவுக்குள் நுழைந்தபோது பயம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மஞ்சள் சட்டைக்காரர்கள் என்னைக் கண்டுவிட்டுக் கத்தத் தொடங்கினார்கள். நான் கத்தினேன், தமிழிலா ஜெர்மனிலா என்று நினைவில்லை. அம்மாவின் சப்பாத்து மேல் பனி தெறிக்கப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினேன். நின்றேன். நின்றபடியே நின்றேன்! வாழ்க்கையில் பட்டம் வாங்கியிருக்கிறேன், தாலி கட்டியிருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறேன். ஆனாலும் நான் வென்ற நாள் எது என்று கேட்டால் அந்த வியாழக்கிழமையைத்தான் சொல்வேன்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி. இருந்து படி" என்றார். அம்மா பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் லிஃப்ட்காரருக்கும் ரோல்ஸ் கொடுத்தார். லிஃப்ட்காரருக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது, இன்னொன்று கேட்டு வாங்கினார்.

அடுத்த குளிர்காலம் பெரிய கார்ட் எடுத்தேன். யாராவது சனிக்கிழமைக் கொண்டாட்டத்துக்குச் சொல்ல வந்தால், "பிள்ளைக்கு அண்டைக்கு மலை" என்று அப்பாவே சொல்லிவிடுவார். ஹோல் ஹோலாக அந்த இறக்கத்தை விவரிப்பார். "மூண்டு வளைவு. ரெண்டாவதில பிள்ளை ஆடினது, ரெண்டு கையும் மேல போச்சுது, ஆனா விழேல்லை" என்று எழுந்து நின்று செய்தே காட்டுவார். வருடத்துக்கு வருடம் மலை வளர்ந்தது.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. போன செப்டம்பரில் அம்மா கேட்டார் என்று அவரை அங்கே கூட்டிப்போனேன். அந்த உயரத்தில் இப்போது பனி தங்குவதில்லை, லிஃப்ட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள். தூண்கள் நின்ற இடத்தில் சீமெந்துக் கட்டைகளும் சுற்றிலும் மாடுகளும்தான். லேனா குடும்பத்தோடு நோர்வேக்குப் போய்விட்டாள். கார்ட்டும் ஒழிந்துவிட்டது, எல்லாம் கைபேசிக்குள். அம்மா நிமிர்ந்து, மரம் அடர்ந்த செங்குத்தான பக்கத்தைக் காட்டி, "இதாலதானே வந்தனீ?" என்று கேட்டார். ஆடுகூட இறங்காத பக்கம் அது.

"ஓம் அம்மா. அதாலதான்."

"அப்பா பாவம்" என்றார் அம்மா. "அவர் எங்க பாத்தவர்? நீ மேல வெளிக்கிட்ட உடன கண்ணை இறுக்கி மூடிப்போட்டார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டுதான் நிண்டவர். நீ வந்து நிண்ட பிறகுதான் திறந்தவர்."