பாலத்தின் முன் நின்ற சிவப்பு வண்டி

1987 ஒக்ரோபரில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு, ரொறன்ரோவின் கிழக்கே நான் தங்கியிருந்த வோபர்ன் அடுக்குமாடி வாசலுக்குச் சிவநேசனின் பழைய கார் வந்து நின்றது. சாவகச்சேரிக்காரர், பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு கிராமத்துக் கராஜில் வேலை. நான் ஊரில் பத்திரிகையில் இருந்தவன் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு அதிசயம் காட்டுறன், ஏறுங்கோ அண்ணை" என்றார்.

அதிசயம் என்பது ஒரு தீயணைப்பு வண்டி.

ரூஜ் ஆற்றைக் கடந்ததும் வீடுகள் குறைந்தன. பிக்கரிங்கில் வடக்கே திரும்பினோம். அதன்பின் சோளம் வெட்டிய வயல்களும் மாட்டுக் கொட்டில்களும்தான். நகரத் தெருக்களில் மூலைக்கு மூலை நிற்கும் தீயணைப்புக் குழாய்கள் இங்கே ஒன்றுகூட இல்லை.

"இஞ்சை நெருப்புப் பிடிச்சா தண்ணியையும் நாங்கள்தான் கொண்டு போகோணும்."

"நாங்கள் எண்டா?"

"நானும்தான், அண்ணை. இடுப்பிலை கிடக்கிற இந்தப் பெட்டி கத்தினா, ஸ்பானரைப் போட்டிட்டு ஓடுவன். சம்பளம் கிம்பளம் ஒண்டும் இல்லை."

நான் நம்பவில்லை. சம்பளமில்லாத தீயணைப்புப் படை. இறைச்சிக் கடைக்காரர் அதன் தலைவர். பால் பண்ணைக்காரர்களும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் படையினர். மூன்று முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்தான்.

முதலில் அவர் வீட்டில் தேநீர். ஒடுங்கிய பாலம் ஒன்றைக் கடந்து சரளைக்கல் போட்ட கிறவல் பாதையில் போனால், அதன் முடிவில் தனியாக ஒரு வாடகை வீடு. முழுக்கப் பலகை, விறகு அடுப்பு. போன மாரியில் புகைபோக்கியில் தீப்பிடித்தபோது இந்தப் படைதான் வந்து அணைத்தது. அடுத்த வாரமே சிவநேசன் அதில் சேர்ந்துவிட்டார். அன்று வந்த சிறிய வண்டியின் பம்ப், வெகுநாளாய்த் தள்ளாடி, இப்போது பழுதாகிவிட்டது. புதியது வாங்க நகரசபை காசு தரும். எந்த வண்டி என்பதைப் படை கைதூக்கித் தீர்மானிக்கும்.

சுவரில் பிள்ளையார் படம். அதன் இரு பக்கமும் விளம்பரத் தாள்களில் வெட்டி ஒட்டிய தீயணைப்பு வண்டிகள்.

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு என்னைக்கூட இவ்வளவு நேரம் பாக்கேல்லை, அண்ணை" என்றார் அவர் மனைவி பவானி.

"நீர் அண்டைக்கு மணியடிக்கேல்லையே!" என்றார் சிவநேசன்.

அவர்களுடைய இரண்டு சிறுமிகளும் தந்தையிடம் சத்தியம் வாங்கினார்கள்: புதுவண்டி வந்தால் அதன் மணியை அவர்கள்தான் முதலில் அடிப்பார்கள்.

பத்து மணிக்குப் படையின் கொட்டகைக்குப் போனோம். விற்பனையாளர் இரண்டு வண்டிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று இரத்தச் சிவப்பு. முகம் தெரியும் வெள்ளிப் பூச்சு, முன்னால் மணி, ஆயிரத்தைந்நூறு கலன் தண்ணீர்த் தொட்டி. விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் டொலர். மற்றது குட்டை, பழுக்காத தேசிக்காயின் பச்சை நிறம். அதன் கிட்ட ஒருவரும் போகவில்லை. தாடிக்கார ஆசிரியர் சிவப்பு வண்டிக்கு அடியில் படுத்துக்கிடந்தார். சிவநேசன் தன் சட்டைக் கையால் அதன் மணியைத் துடைத்தார். ஒரு வருடமாக இதே பேச்சாம்: குழாயின் நீளம், பம்பின் வேகம், ஏணி, மணி.

இந்தப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்க நினைக்கும் வண்டி, தொட்டி நிறையத் தண்ணீரோடு, ஊரின் கடைசி வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். கடைசி வீடு சிவநேசனுடையது. குளத்திலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். தலைவர் ஓட்டினார். நாங்கள் கார்களில் பின்தொடர்ந்தோம்.

பாலத்தின் முன் வண்டி சடாரென்று நின்றது.

தலைவர் இறங்கி, பாலத்தின் ஓரத்தில் இருந்த பலகையைப் பார்த்தார். பாலம் பத்துத் தொன்தான் தாங்கும். விளம்பரத் தாளில் வண்டியின் பாரம் ஒன்பதரைத் தொன். ஆசிரியர் வாய்க்குள் கணக்குப் போட்டார். ஒரு கலன் தண்ணீர் பத்து இறாத்தல். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஏறக்குறைய ஏழு தொன். தாளில் இருந்தது வெறும் வண்டியின் பாரம்.

நெருப்பை அணைக்கிற அத்தனை பேரும் தண்ணீரின் பாரத்தை மறந்திருந்தார்கள். தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கும் சிவநேசனும் மறந்திருந்தார்.

பவானியும் பிள்ளைகளும் வண்டி பார்க்க அக்கரையில் வந்து நின்றார்கள்.

"ஏன் நிண்டிட்டியள்? பிள்ளையள் மணியடிக்கோணுமாம், வாங்கோவன்!"

சிவநேசன் தலைவரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்களுக்காக இதை விடவேண்டாம். நாங்கள் வேறு வீடு பார்க்கிறோம்."

"நீ போனால் அந்த வீட்டில் வேறு ஒருவரும் குடியிருக்க மாட்டார்களா?" என்றார் தலைவர். வண்டியைப் பின்னோக்கி எடுத்தார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் கை தூக்கினார்கள். சிவப்பு வண்டிக்கு உயர்ந்தது ஒரே ஒரு கை: சிவநேசனுடையது. மற்ற எல்லாரும் தேசிக்காய் வண்டிக்கு. தண்ணீரோடு அதன் பாரம் ஒன்பது தொன். பேச்சு இல்லை, கைதட்டல் இல்லை. ஆசிரியர் மட்டும் சிவப்பு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கோப்பி குடித்தார்கள்.

ஒரு வருட ஆசையை, ஊருக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு வாடகைக் குடும்பத்துக்காக ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். அதைப் பெரிய காரியமாக யாரும் நினைத்ததாகவும் தெரியவில்லை.

மாலையில் பிக்கரிங் ரயில் நிலையத்தில் என்னை இறக்கினார் சிவநேசன்.

"வடிவில்லை, அண்ணை. என்ன நிறம் உது! பிள்ளையளுக்கு என்ன சொல்லுறது?"

"மணி இருக்கோ?"

"மணி இருக்கு" என்றார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

ரயிலில் எங்கள் ஊர்க் கடைத்தெரு எரிந்த இரவு நினைவில் வந்தது. தெருவில் நின்று பார்த்தோம். மறுநாள் எங்கள் பத்திரிகையில் எரிந்த கடைகளின் பெயர்கள் முழுவதும் வந்தன. தீயணைப்பு வண்டி வரவில்லை என்ற வரி மட்டும் வரவில்லை. நாங்கள் மறைத்ததல்ல, எழுதத் தோன்றவில்லை. அன்றிரவு அங்கே நின்ற ஒருவர்கூட, அது வரும் என்று தெருமுனையைத் திரும்பிப் பார்க்கவில்லை.