பரிமளா டீச்சர் பாடமாக வைத்த என் புகார்

பரிமளா டீச்சர் இறந்துவிட்டார் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. அந்தக் குழுவில் வருவதில் பாதி பொய். டீச்சரின் ஊரான மாரண்டஹள்ளியில் இரண்டு பேருக்குப் போன் போட்டேன். "இதுலயுமா சந்தேகம்? மாரடைப்புங்க, காலையிலயே போயிட்டாங்க" என்று இரண்டாமவர் சலித்துக்கொண்டார். அப்புறம்தான் வரப்பில் உட்கார்ந்தேன்.

டீச்சரை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். அவர்மேல் புகார் எழுதிய ஒரே தகப்பன் நான்தான். படிப்பு எட்டாவது, ஏழாவதை இரண்டு முறை படித்ததால் மற்றவர்களைவிட ஒரு வருடம் கூடுதல்.

என் மகள் தீபிகா நான்காவது படித்தபோது, வீட்டிலிருந்து எழுத்து உள்ள எதையாவது எடுத்துவரச் சொன்னார் டீச்சர். பாடப்புத்தகம் மட்டும் கூடாதாம். எங்கள் பக்கம் ரோட்டுக்கு நிலம் எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்ட சமயம் அது. பிள்ளைகளை விட்டு வீட்டுக் காகிதங்களை வேவு பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பட்டாவிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை பீரோவில் வைத்துப் பூட்டினேன். வெளியே மிஞ்சியது, தக்காளிக்கு அடிக்கும் பூச்சிமருந்தோடு வந்த மடித்த தாள் ஒன்றுதான். தீபிகா அதை எடுத்துப்போனாள்.

மறுநாள் டி.சி. கேட்டுப் போய் நின்றேன். தனியார் பள்ளி வேன் எங்கள் ஊர்வரை வரும் என்ற தைரியம்.

"குடுக்கச் சொல்றேங்க. காரணத்தை மட்டும் எழுதித் தாங்க" என்று டீச்சர் வெள்ளைத் தாளை நீட்டினார். 'பாடம் நடத்தாமல் குப்பை பொறுக்க வைக்கிறார்' என்று தொடங்கி, அரைமணி நேரம் வியர்த்து நாலு வரி எழுதினேன். படித்தவர், "நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. இதைப் பிள்ளைங்களுக்குப் பாடமா வெக்கலாங்களா? பதில் எழுதிப் பழகட்டும்" என்றார். கிண்டலா என்று முகத்தையே பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

சாயங்காலம் தீபிகா அந்த மருந்துத் தாளையும் தன் பதிலையும் கொண்டுவந்து நீட்டினாள். 'அப்பா, இது குப்பை இல்லை. மருந்து அடித்தால் ஐந்து நாள் காய் பறிக்கக் கூடாது என்று இதில் இருக்கிறது. நீங்கள் மறுநாளே பறிக்கிறீர்கள். அதில்தான் நாம் குழம்பு வைக்கிறோம். நான் வேற பள்ளிக்கூடம் போக மாட்டேன்.'

டீச்சர் சொல்லி எழுதவைத்தது என்றுதான் முதலில் தோன்றியது. தாளைப் பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. யாரையும் நம்பாதவன் என்று பேரெடுத்த நான், மறுநாளே பறிக்கலாம் என்று மருந்துக்கடைக்காரர் வாயால் சொன்னதைப் பத்து வருடமாக நம்பியிருக்கிறேன். அன்றைக்கு என் மனைவி தக்காளியைத் தொடாமல் புளி கரைத்து ஊற்றினாள்.

மறுபடி பள்ளிக்குப் போனேன். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"படிக்கறதுக்குத்தாங்க சொல்லிக் குடுத்தேன். சந்தேகப்படறது உங்க வூட்டுலயிருந்தே கொண்டாந்துட்டா."

டி.சி. பேச்சை அதோடு விட்டேன்.

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். இப்போது மருந்துக்கடையில் டப்பாவைப் பிரித்து, தாளை விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்த பிறகுதான் வாங்குகிறேன். என் வேகம் ஊருக்கே தெரியும். "யோவ், பரீட்சையா எழுதற?" என்று பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள். கத்தட்டும். நான் இன்னும் இரண்டாவது பத்தியில்தான் இருக்கிறேன்.